நான்காவது வடம்

தூத்துக்குடியில் இறங்கிய ஒரு மணி நேரத்துக்குள் மூன்று பேர் என்னைக் கேரளாவா என்று கேட்டுவிட்டார்கள். முதலாமவர் ஆட்டோக்காரர். இரண்டாமவர் விடுதியில் பதிவேட்டை நீட்டியவர். மூன்றாமவர் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தவர். முப்பத்தைந்து வருடம் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவன் நான். கணிதம்தான் என்றாலும் தமிழில்தான் படிப்பித்தேன். "நான் யாழ்ப்பாணத்தில இருந்து வாறன்" என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். தேநீர்க்காரர் முகம் மலர்ந்தார்.

"அப்படியா சார்? இருந்தாலும் தமிழு நல்லாத்தான் பேசுதிய."

தேநீரில் சீனி வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். அது அவருக்கு எந்த மொழியில் கேட்டதோ, இரண்டு கரண்டி போட்டுத் தந்தார்.

எங்கள் ஊர்க் கோயில் தேருக்கு வடம் வாங்கத்தான் கடல் தாண்டி வந்திருந்தேன். இருந்த வடம் நல்ல வடம். போன வருடத் திருவிழாவில், குளத்துக்கு அப்பால் இருக்கும் குடியிருப்பிலிருந்து பத்துப் பதினைந்து பேர் வந்து அதைப் பிடித்து இழுத்துவிட்டார்கள். காலங்காலமாகத் தூர நின்று கும்பிட வைக்கப்பட்டவர்கள். அடுத்த நிர்வாக சபைக் கூட்டத்தில், வடம் பழுதடைந்துவிட்டதால் புதிது வாங்குவது என்று தீர்மானம் நிறைவேறியது. அதை எழுதியவன் செயலாளராகிய நான். கையெழுத்து அழகாக இருக்கும் என்பதற்காகவே அந்தப் பதவியை எனக்குத் தந்திருந்தார்கள். வடத்துக்கு என்ன பழுது என்று கூட்டத்தில் ஒருவரும் கேட்கவில்லை. "இந்தியாவில இருந்து எடுப்பம். அப்பதான் ஊர் வாயைத் திறக்காது" என்றார் தலைவர். அவர் ஓய்வுபெற்ற நில அளவையாளர். எதையும் எல்லை போட்டுத்தான் பார்ப்பார்.

தூத்துக்குடியின் வெயிலைப் பற்றி எழுதப் புறப்பட்டால் நாகரிகமான சொற்கள் போதாது. துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் ஒன்றின் வாலை ஒன்று முகர்ந்துகொண்டு நிற்கின்றன. நகரத்துக்கு வெளியே, கண்ணுக்கெட்டும் தூரம்வரை உப்பளம், வெள்ளை வெள்ளைக் குவியல்கள். உப்பை இப்படி மலைபோல் குவித்து வைத்திருக்கும் ஊரில், மதியம் நான் சாப்பிட்ட சைவக் கடையின் சாம்பாரில் மட்டும் உப்பில்லை.

அந்தக் கடைப் பலகையில் சொதி என்று எழுதியிருந்தது. ஆவலோடு கேட்டேன். வந்தது மஞ்சள் நிறத்தில் கெட்டியான ஒரு குழம்பு. அதற்குள் முருங்கைக்காய், கேரட், உருளைக்கிழங்கு, பாசிப்பருப்பு எல்லாம் கூட்டுக் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தன. எங்கள் வீட்டில் சொதி என்றால் தேங்காய்ப்பாலும் பச்சை மிளகாயும் வெங்காயமும்தான். கோப்பையின் அடி தெரிய வேண்டும்.

"இது சொதி இல்லை" என்றேன்.

"எங்க ஊருல இதாஞ் சொதி சார். கல்யாணத்துக்கு மறுநாளு மாப்பிள்ளைக்கு இதத்தான் போடுவோம்" என்றார் பரிமாறியவர்.

இந்த ஊர் மாப்பிள்ளைகளை நினைத்து இரக்கப்பட்டேன். இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டேன் என்பதை ஒளிக்கவில்லை. பசி.

வடம் விற்கும் கடை பழைய துறைமுகத்துப் பக்கம் இருந்தது. மீன்பிடி வலை, மிதவை, நங்கூரச் சங்கிலி, யானையின் கால் தடிமனில் நைலான் கயிறு, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் கடைக்காரர் சூசை அண்ணாச்சி. அறுபது வயது இருக்கும். இளமையில் சரக்குத் தோணியில் போய் வந்தவர். உள்ளங்கை இரண்டும் காய்ந்த பனங்கொட்டைபோல் இருந்தன. தேருக்குத் தென்னை நார் வடம் வேண்டும் என்றதும், நீளத்தைக் கேட்கவில்லை.

"எத்தன பேரு பிடிப்பாவ?" என்றார்.

"ஒரு நூறு பேர் வரும்."

"ஊருல வீடு எத்தன?"

"நானூறு."

"பொறவு நூறு பேருன்னு சொல்லுதியளே. மத்தவுக சும்மா நின்னு வேடிக்க பாப்பாவளாக்கும்?"

எங்கள் ஊரில் எல்லாவற்றுக்கும் ஒரு ஒழுங்கு இருக்கிறது என்று சொல்லிப் பேச்சை மாற்றினேன்.

"நாளைக்கு எங்கூட வாங்க. ஆத்தோரத்துல ஒரு ஊருல தேரோட்டம். நாலு வடம் போட்டு இழுப்பாவ. நாலாவது வடம் எங்க கடக்கரைக்காரவுகளுக்கு. வடம் எப்படி உழைக்குன்னு கண்ணால பாத்துட்டு வந்து வாங்குங்க."

"நீங்கள் வேதக்காரர் அல்லவா?"

"ஆமா. காலைல பூசை கண்டுட்டுப் போயி இழுப்போம். எந்தக் காலத்துலயோ தேரு மண்ணுல இறங்கிப்போச்சாம். எங்க ஆளுவதாம் கப்பக் கயிறு கொண்டுபோயி இழுத்து விட்டாவளாம். அன்னையில இருந்து அது எங்க உரிமை. சாமியாரும் ஒண்ணுஞ் சொல்லுதது இல்ல, ஐயரும் ஒண்ணுஞ் சொல்லுதது இல்ல."

ஒரு கோயிலை இப்படி அவியலாக நடத்த முடியுமா என்று நினைத்துக்கொண்டேன். எப்படியும் போய்ப் பார்த்துக் குறை கண்டுபிடிக்க வேண்டும் என்ற ஆசையில் சம்மதித்தேன்.

மறுநாள் காலை ஒரு குட்டிச் சரக்கு வண்டியில் புறப்பட்டோம். முன்னால் ஓட்டுநரும் அண்ணாச்சியின் மனைவி பிலோமினாவும். பின்னால், சுருட்டி வைத்த வடத்தின் மேல் அண்ணாச்சியும் நானும். நார் வேட்டியைத் துளைத்துத் தொடையில் குத்தியது. உப்பளத்துக்கு நடுவில், ஒரு மரநிழல்கூட இல்லாத இடமாகப் பார்த்து வண்டி நின்றது. டீசல் தீர்ந்துவிட்டது. பிலோமினா இறங்காமலேயே ஓட்டுநரைப் பிடித்துக்கொண்டார்.

"ஏலே, நேத்தே சொன்னம்லா. காது என்ன கம்மல் போடுததுக்கா வச்சிருக்க?"

அடுத்த எரிபொருள் நிலையம் வரை நானும் அண்ணாச்சியும் தள்ளினோம். தேர் இழுப்பதற்கு முன்னால் வண்டி தள்ளுவது இந்த ஊர்ச் சடங்குகளில் ஒன்றா என்று கேட்டேன். "நீங்க வந்த ராசி சார்" என்றார் அண்ணாச்சி.

ஊரின் பெயரை எழுதப் போவதில்லை. வயலும் வாழையுமாக நல்ல ஊர். ஆனால் ஊருக்குள் நுழைந்ததும் கண்ணில் பட்டது கோபுரம் அல்ல, பதாகை. வீதியின் இரு பக்கமும் கைகூப்பிய மனிதர்கள், கறுப்புக் கண்ணாடி போட்ட மனிதர்கள், தொலைபேசியைக் காதில் வைத்த மனிதர்கள். ஒரு மூலையில் தபால் தலை அளவில் சுவாமி. தங்களை வரவேற்கத் தாங்களே பதாகை வைத்துக்கொள்ளும் கலையை நாங்கள் இன்னும் இவ்வளவு தூரம் கற்றுக்கொள்ளவில்லை.

தேரைக் குறை சொல்ல முடியவில்லை. மரச் சிற்பங்கள் அடுக்கடுக்காக, நல்ல தேர். அதற்குமேல் அவர்கள் செய்திருந்த அலங்காரத்தைத்தான் சகிக்க முடியவில்லை. தேர்ச்சீலைக்கு மேலே பிளாஸ்டிக் பூ. பட்டப்பகலில் மினுங்கி மினுங்கி எரியும் மின்விளக்கு. அதற்கு மின்சாரம் கொடுக்க, தேருக்குப் பின்னால் புகை கக்கிக்கொண்டு ஒரு இயந்திரம். சாம்பிராணியை எல்லாம் அந்தப் புகை தின்றுவிட்டது.

சுவாமியை நல்ல நேரத்தில் தேரில் ஏற்றினார்கள். மேளம் முழங்கியது. சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள், குங்குமம் தடவிய பூசணிக்காயை உடைத்தார்கள். பெண்கள் வரிசையாக வந்து உப்பும் மிளகும் சக்கரத்தடியில் கொட்டினார்கள். அதுவரை சரி. இழுக்க வேண்டியதுதானே? இழுக்கவில்லை. யாரோ ஒரு பெரிய மனிதர் வந்து வடத்தைத் தொட்டுக் கொடுக்க வேண்டுமாம். அவர் வரவில்லை. ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம், சுவாமி தேர்மேல் காத்திருந்தார். எங்கள் ஊரில் தேர் ஒன்பது மணிக்குப் புறப்பட்டுப் பத்தேகாலுக்கு இருப்பிடத்துக்கு வந்துவிடும். யாருக்காகவும் நிற்காது. இதை அண்ணாச்சியிடம் மூன்று தடவை சொன்னேன். மூன்றாம் தடவை அவர் எழுந்து மோர் குடிக்கப் போய்விட்டார்.

ஒருவழியாக அந்தப் பெரிய மனிதர் வந்தார். வடத்தைத் தொட்டார், படம் எடுத்தார்கள், காரில் ஏறிப் போய்விட்டார். தேர் அசைந்தது.

எனக்கு ஆசை வந்தது. எவ்வளவு குறை சொன்னாலும் தேர் புறப்படும்போது கை சும்மா இருக்காது. சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு முதலாவது வடத்தைப் போய்ப் பிடித்தேன். மார்பில் அடையாள அட்டை குத்தியிருந்த ஒருவர் ஓடி வந்தார்.

"அண்ணாச்சி எந்தத் தெரு?"

"நான் யாழ்ப்பாணம்."

"கேரளாவா? இது மேலத்தெரு வடம். அங்கன போங்க."

இரண்டாவது வடத்துக்குப் போனேன். அங்கேயும் அதே கேள்வி. இங்கேயும் சரி, எங்கள் ஊரிலும் சரி, சாதியைக் கேட்க நினைக்கிறவன் தெருவைத்தான் கேட்பான். என் தெருவுக்கு எங்கள் ஊரில் இருக்கும் மதிப்பை அவர்களுக்கு எப்படி விளக்குவது? பேசாமல் மூன்றாவது வடத்தைப் பிடித்தேன். இந்தத் தடவை கேள்வியே இல்லை. எனக்கு முன்னால் இருந்த, பெரிய மீசை வைத்த ஒருவர் திரும்பி, வடத்தைச் சுற்றியிருந்த என் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். கோபமே இல்லை அவர் முகத்தில். சட்டையில் ஒட்டிய வைக்கோலை எடுப்பதுபோல் எடுத்தார்.

"வெளியாளு பிடிக்கப்படாது. தள்ளி நின்னு கும்பிடுங்க" என்றார்.

வீதியோரம் வந்து நின்றேன். அறுபத்தாறு வயதில், ஒரு தேர் வடத்திலிருந்து என் கையை எடுத்துவிட்ட முதல் மனிதர் அவர். என்ன ஊர், என்ன மனிதர்கள், சுவாமியை வைத்துக்கொண்டு என்ன அநியாயம் என்று மனத்துக்குள் ஒரு கண்டனக் கடிதமே எழுதத் தொடங்கினேன். முதல் பந்தி முடிவதற்குள் தவராசாவின் முகம் வந்து நின்றது.

தவராசா எங்கள் வீட்டுக் கிணற்றுக்கு மோட்டர் பூட்டியவர். குளத்துக்கு அப்பால் குடியிருப்பவர். போன வருடம் தேரன்று வடத்தில் இருந்த அவருடைய கையை எடுத்துவிட்டவன் நான். "தம்பி, கையை எடும்" என்று மரியாதையாகத்தான் சொன்னேன். மற்றவர்களைப்போல் தூஷணம் பேசவில்லை, மரியாதையாகச் சொன்னேன் என்று ஒரு வருடமாக அதில் திருப்திப்பட்டுக்கொண்டிருந்தேன். மீசைக்காரரும் மரியாதையாகத்தான் சொன்னார். அது ஒரு சதத்துக்கும் உதவவில்லை என்று இப்போது தெரிந்தது.

"சார், அங்கன என்ன செய்யுதிய? இங்கன வாங்க!"

பிலோமினாவின் குரல். நான்காவது வடத்தில், புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றார். கழுத்தில் செபமாலை. எனக்கு இடம் விட்டு நகர்ந்தார். நான் தயங்கினேன்.

"நானும் வெளியாள்தான்" என்றேன்.

"பிடிங்க சார். எங்க வடத்துல யாரு வேணா பிடிக்கலாம்."

உருகிப்போய் ஏதோ நன்றி சொல்ல வாயெடுத்தேன். பின்னால் இருந்து சூசை அண்ணாச்சி சிரித்தார். "ரொம்பப் பெருமையா நெனைச்சிராதிய. எங்க ஊரு மாதா சப்பரத்துல எவனாவது வெளியாளு கைய வச்சாம்னா நாங்களுந்தாம் கைய ஒடிப்போம். இது அடுத்தவுக தேருல்லா? அதாம் இந்தத் தாராளம்."

மூன்று நாளில் நான் அங்கே கேட்ட ஒரே உண்மைப் பேச்சு அதுதான்.

தென்மேற்கு மூலையில் தேர் திரும்பும்போது படீரென்று ஒரு சத்தம். குடிநீர்க் குழாய் பதிக்கத் தோண்டி, மேலே மண்ணைத் தூவி மூடிவிட்டுப் போயிருந்த பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கிவிட்டது. தேர் சாய்ந்து நின்றது. மேலே இருந்த குருக்கள்மார் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். கூட்டம் அலறிச் சிதறியது. சக்கரத்துக்கு அடைகொடுக்கிற கட்டையோடு நின்ற ஒருவர் மட்டும் ஓடவில்லை. சக்கரத்தின் அடியில் படுத்து, கட்டையைச் செருகிவிட்டுத்தான் எழுந்தார். அவரை நான் எதுவும் சொல்ல மாட்டேன்.

மற்றவர்கள் என்ன செய்தார்கள்? சண்டை பிடித்தார்கள். முதலாவது வடத்துக்காரர் அவசரப்பட்டதால்தான் என்றார் இரண்டாமவர். இரண்டாமவர் பக்கம் ஆளே இல்லை என்றார் மூன்றாமவர். பின்னால் இருந்து மண் அள்ளும் இயந்திரத்தால் தள்ளிப் பார்த்தார்கள். தேரின் ஒரு பலகை பிளந்ததுதான் மிச்சம். வெயில் உச்சிக்கு வந்தது. முதல் மூன்று வடத்திலும் பாதிப் பேர் நிழல் பார்த்துப் போய்விட்டார்கள். உரிமை என்பது வெயிலில் சீக்கிரம் உருகுகிற பொருள்.

அப்போது ஒலிபெருக்கி பேசியது. "பக்தகோடிகளே, எந்தத் தெரு என்று பார்க்க வேண்டாம். யார் வேண்டுமானாலும் எந்த வடத்தையும் பிடிக்கலாம்."

வீதியோரம் நின்றவர்கள் எல்லோரும் வந்தார்கள். மோர் ஊற்றியவர், பலூன் விற்றவர், வாழைத்தோட்டத்துக் கூலியாட்கள், கடைசி வீதிக்குப் பின்னால் இருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெருங்கூட்டம். கடற்கரைக்காரர்களை நாலு வடத்துக்கும் பிரித்து நிறுத்தினார் அண்ணாச்சி. தோணியைக் கரையேற்றும்போது பாடும் பாட்டை ஒருவர் எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் அந்த மூச்சில் சேர்ந்து இழுத்தோம். மூன்றாம் தடவை சக்கரம் பள்ளத்தை விட்டு ஏறியது. அந்தக் கூச்சலில் நானும் தொண்டை கிழியக் கத்தினேன். என் பக்கத்தில் வடம் பிடித்தவர் யார், எந்தத் தெரு, எனக்கு இன்றைக்கும் தெரியாது. அவருடைய வியர்வை என் தோளில் வழிந்தது.

தேர் நேர் வீதிக்கு வந்து நிமிர்ந்தது. ஒலிபெருக்கி மறுபடி பேசியது. "அவரவர் தங்கள் வடத்துக்குத் திரும்பும்படி கேட்டுக்கொள்கிறோம்."

இருபது நிமிடம். என் கடிகாரத்தில் பார்த்தேன். அவ்வளவுதான் அந்த ஊரில் எல்லோரும் எல்லோராக இருந்த நேரம். மீசைக்காரர் நிழலிலிருந்து எழுந்து வந்து, வேட்டியைத் தட்டிக் கட்டிக்கொண்டு, மூன்றாவது வடத்தின் தலைப்பைப் பிடித்தார். பலூன்காரர் விலகினார். கூலியாட்கள் விலகினார்கள். யாரும் அவர்களைத் துரத்தவில்லை, அவர்களாகவே விலகினார்கள். அதைப் பார்க்கத்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை கடைக்குப் போனேன். எனக்காக எடுத்து வைத்திருந்த வடத்தை அண்ணாச்சி காட்டினார். குறை சொல்ல முடியாத வடம். அவர் முன்னாலேயே ஊருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"என்ன மாஸ்டர், வடம் சரியே?" என்றார் தலைவர்.

"ஐயா, புது வடம் தேவையில்லை. பழசு நல்லாத்தானே இருக்கு."

"என்ன கதை இது? அதை அவங்கள் பிடிச்சவங்கள் எண்டு உமக்குத் தெரியாதே?"

"வடம் பிடிக்கத்தானே ஐயா."

"உமக்கு வெயில் தலைக்கேறிட்டுது. வாங்கிக்கொண்டு வாரும். மிச்சத்தை இஞ்ச வந்து கதைப்பம்."

"நான் வாங்கேல்லை."

"அப்ப செயலாளர் பதவியை விட்டுட்டுக் கதையும்."

"விட்டாச்சு" என்றேன். அந்தச் சொல்லைச் சொல்ல எனக்கு எந்தத் துணிவும் தேவைப்படவில்லை. ஒரு வருடத்துக்கு முன்னால் சொல்லியிருந்தால் தேவைப்பட்டிருக்கும்.

அண்ணாச்சி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "அந்தப் பழைய வடத்துல என்னதாஞ் சார் கோளாறு?" என்றார். சொன்னேன். தவராசாவின் கையை எடுத்துவிட்டதையும் சேர்த்துச் சொன்னேன். அவர் வடத்தின் முனையைக் காலால் ஓரமாகத் தள்ளினார்.

"இதுக்கா கடல் தாண்டி வந்திய?"

"ஓம்."

"வாத்தியாரு வேற" என்றார். தேநீர் வாங்கிவரச் சொன்னார். அதற்குப் பிறகு என்னோடு அதிகம் பேசவில்லை.

ஊருக்குத் திரும்பியதும் தவராசாவின் வீட்டுக்குப் போனேன். நான் சொன்னதை அவர் வாசலிலேயே நின்று கேட்டார். உள்ளே கூப்பிடவில்லை. நான் மன்னிப்புக் கேட்டதற்கு, "மோட்டர் ஓடுதுதானே மாஸ்டர்?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். அது அவருடைய உரிமை.

இந்த வருடம் எங்கள் ஊரில் தேர் ஓடவில்லை. தேருக்குத் திருத்த வேலை இருக்கிறது என்று அறிவித்தார்கள். தகரக் கொட்டகைக்குள் பூட்டி வைத்துவிட்டு, உழவு இயந்திரம் பின்னால் இழுத்துப்போகும் பெட்டியைத் தேர்போலச் சோடித்துச் சுவாமியை அதில் ஏற்றினார்கள். வடம் வேண்டாம், யார் பிடிப்பது என்ற கேள்வியும் வேண்டாம். அப்படி ஒரு யோசனை. ஊரில் உழவு இயந்திரம் வைத்திருக்கும் மூவரில் இருவர் அன்றைக்கென்று வேலை இருக்கிறது என்று நழுவிவிட்டார்கள். கடைசியில் ஓட்ட வந்தவர் குளத்துக்கு அப்பால் உள்ள குடியிருப்பைச் சேர்ந்தவர்.

நான் வேலியோரம் நின்று பார்த்தேன். சுவாமிக்கு இரண்டு முழம் முன்னால், ஆசனத்தில் சாய்ந்தபடி, ஒரு கையால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு அவர் ஓட்டிப் போனார். புழுதியும் புகையும் எழும்பின. அதைத் தலையில் வாங்கிக்கொண்டு, வெறுங்காலுடன், கைகூப்பியபடி பின்னால் நடந்து வந்தார் தலைவர்.